இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர்: டோக்கியோவில் முறிந்த அச்சும் சென்னை அரங்கத்துக்கான கணக்கும்

2003 டிசம்பர் 5 அன்று, டோக்கியோ டிஸ்னிலாண்டில், மூடிய அரங்கத்துக்குள் இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டரான ஸ்பேஸ் மவுண்டனில் ஒரு வண்டி ஓட்டத்தை ஏறக்குறைய முடித்து, நிலையத்துக்குள் நுழையும் தறுவாயில் தடம் புரண்டது. சக்கரத்தைத் தாங்கும் அச்சு ஒன்று முறிந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. வடிவமைப்பின்படி 45 மி.மீ. விட்டம் இருக்க வேண்டிய அச்சு 44.14 மி.மீ. மட்டுமே இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

திறந்தவெளி ரோலர் கோஸ்டரில் ஒரு சக்கரம் ஆடினாலோ வண்டி தடதடத்தாலோ தரையில் நிற்கும் ஊழியர் கண்ணாலேயே பிடித்துவிட வாய்ப்பு உண்டு. இருட்டு அரங்கத்தில் அந்த வாய்ப்பு இல்லை. வண்டி எங்கே இருக்கிறது என்பதைக்கூட விளக்குப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த வகை ராட்டினத்தில் வடிவமைப்பு, கட்டடம், பராமரிப்பு மூன்றுமே அளவீட்டை நம்பித்தான் நிற்கின்றன. அளக்காமல் விட்ட எதையும் வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. டோக்கியோ நிகழ்வை நடுவில் வைத்து, இந்த வகை எப்படி உருவானது, சென்னையில் ஓர் அரங்கத்துக்குள் அமைத்தால் எதையெல்லாம் மாற்றிக் கணக்கிட வேண்டும் என்று பார்ப்போம்.

இருட்டு வந்த வழி

இருட்டையும் ரோலர் கோஸ்டரையும் சேர்த்தது டிஸ்னிதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, 1887இல், லாமார்கஸ் தாம்சன் அட்லாண்டிக் சிட்டியில் அமைத்த சீனிக் ரயில்வேயில் வண்டி சுரங்கத்துக்குள் நுழையும். உள்ளே வரைந்து வைத்த காட்சிகள் விளக்கொளியில் தெரியும். ஆனால் அது சுரங்கம் உள்ள கோஸ்டர்தான். ஓட்டம் முழுவதையும் இருட்டுக்குள் கொண்டுபோக இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன: நெளிந்து வளையும் எஃகுக் குழாய்த் தண்டவாளம், ஒரே தடத்தில் பல வண்டிகளை மோதாமல் ஓட்டும் மின் கட்டுப்பாடு.

இரண்டுமே 1959இல் கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் என்ற கோஸ்டரில் கைகூடின. தண்டவாளத்தைச் செய்தது ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம். விண்வெளிப் பயணம் போன்ற இருட்டு ஓட்டம் என்ற யோசனை 1960களிலேயே வால்ட் டிஸ்னியிடம் இருந்தது. ஆனால் அன்றைய கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் அதற்குப் போதவில்லை. அவர் 1966இல் காலமானார். 1975 ஜனவரி 15 அன்று புளோரிடாவில் முதல் ஸ்பேஸ் மவுண்டன் திறந்தது. ஆல்ஃபா, ஒமேகா என்று இரண்டு தடங்கள். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கி.மீ.

கட்டடத்தின் தோற்றம் டிஸ்னியின் வடிவமைப்பாளர் ஜான் ஹெஞ்சின் கைவண்ணம். கூரையைத் தாங்கும் விலா எலும்புகளைக் கட்டடத்தின் வெளிப்பக்கம் வைத்தது அவருடைய முடிவு. வெளியில் பார்ப்பவருக்கு அது அலங்காரம். உள்ளேயோ கூரை வழவழப்பாகக் கிடைத்தது, நட்சத்திரங்களை அதன் மேல் ஒளிப்படமாகப் பாய்ச்ச முடிந்தது. மொத்தம் 72 முன்தகைவு கான்கிரீட் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிய கான்கிரீட்) உத்தரங்கள், ஒவ்வொன்றும் 74 டன். இருட்டு அரங்கம் கட்ட நினைப்பவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான் என்பது எங்கள் கருத்து: உத்தரங்கள் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அவற்றில் சிறு ஒளி பட்டாலும் அரங்கத்தின் எல்லை தெரிந்துவிடும், எல்லை தெரிந்த இருட்டில் பயம் இல்லை.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1977இல் கலிபோர்னியா, 1983இல் டோக்கியோ. 1995இல் பாரிஸில் வண்டியை உந்தி எறிந்து தலைகீழாகச் சுழற்றும் வடிவம்; ஓட்டத்தோடு ஒத்திசைந்த இசையை இருக்கையிலேயே ஒலிக்கவிட்டதும் அங்குதான். 1996இல் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட், கிங்ஸ் டொமினியன் பூங்காக்களில் திறந்த ஃபிளைட் ஆஃப் ஃபியர், நேரியல் தூண்டல் மோட்டாரால் (தடத்தோடு நீளும் மின்காந்த உந்துதலால்) 4 நொடியில் மணிக்கு 87 கி.மீ. எட்டியது. 1999இல் புளோரிடாவின் ராக் அண்ட் ரோலர் கோஸ்டர் 2.8 நொடியில் 92 கி.மீ.

வேகம் வேண்டாம், திருப்பம் வேண்டும்

மணிக்கு 45 கி.மீ. என்பது நொடிக்கு 12.5 மீட்டர். உராய்வைக் கழித்துவிட்டால் இந்த வேகத்துக்கு 8 மீட்டர் இறக்கம் போதும். அதாவது உயரமோ வேகமோ இங்கே சரக்கு அல்ல. அடுத்த திருப்பம் இடமா வலமா என்று தெரியாததுதான் சரக்கு.

அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பத்தைப் பார்த்தவுடன் கழுத்துத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். இருட்டில் அந்த முன்னேற்பாடு நடக்காது. நொடிக்கு 8 மீட்டரில் 6 மீட்டர் ஆரமுள்ள சாய்வில்லாத வளைவில் நுழைந்தால் பக்கவாட்டு விசை 1.1 ஜி-யை (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) நெருங்கும். திறந்தவெளியில் சிரித்துக்கொண்டே தாங்கும் அந்த விசை, இருட்டில் கழுத்துவலியாக முடியும். விசையின் அளவைவிட அது எவ்வளவு சடுதியில் ஏறுகிறது என்பதே முக்கியம். நேர்கோட்டிலிருந்து வட்ட வளைவுக்கு நேரடியாகத் தாவாமல், ஆரம் படிப்படியாகக் குறையும் இணைப்பு வளைவு வைக்க வேண்டும். பழைய தடங்களில் இது போதாமல்தான் முழங்கையும் இடுப்பும் பக்கச் சுவரில் இடிக்கின்றன.

கண்ணைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஓட்டமோ இரண்டரை நிமிடம். வரிசையில் அரைமணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் நின்றவர்கள் அதற்குள் ஓரளவு பழகி, தடத்தின் நிழலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புளோரிடாவில் ஏற்றத்துக்கு முன்பு நீல விளக்குகள் மின்னும் சுரங்கம் இருக்கிறது. அதில் கண் மறுபடி கூசிப்போகும். பிறகு வரும் இருட்டு உண்மையிலேயே கும்மிருட்டு. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தரும் உத்தி இது.

பிளாக் கணக்கு

தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான் என்று கட்டாயப்படுத்துவது பிளாக் முறை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வண்டியை முழுதாக நிறுத்தக்கூடிய பிரேக் இருக்க வேண்டும். நின்ற வண்டி மீண்டும் கிளம்பச் சரிவோ உந்து டயரோ (மோட்டாரால் சுழன்று வண்டியைத் தள்ளும் டயர்) வேண்டும்.

6 பேர் வண்டி, 150 நொடி ஓட்டம், 20 நொடிக்கு ஒரு வண்டி என்று கொள்வோம். மணிக்கு 180 வண்டிகள், 1,080 பேர். எந்த நேரத்திலும் தடத்தில் 7 அல்லது 8 வண்டிகள், நிலையத்தில் 2. வண்டிகளைவிடப் பிளாக்குகள் குறைந்தது ஒன்றாவது கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு பிளாக்கையும் வண்டி 15, 16 நொடியில் காலி செய்தாக வேண்டும். மீதி 4 நொடிதான் கையிருப்பு. பிரேக்குக்கு வண்டி நொடிக்கு 6 மீட்டரில் வருகிறது, வேகக் குறைப்பு 0.4 ஜி என்றால் நிற்க 4.6 மீட்டர் போதும். அதோடு வண்டியின் நீளத்தையும், பிரேக் பட்டை ஒன்று வேலை செய்யாவிட்டாலும் நிற்பதற்கான கூடுதல் நீளத்தையும் சேர்த்துத்தான் பிரேக் பகுதியை வரைய வேண்டும்.

இந்த வகையில் அடிக்கடி நேரும் நிறுத்தத்துக்குப் பெரும்பாலும் இயந்திரக் கோளாறு காரணமில்லை. நிலையத்தில் ஏற்படும் தாமதம்தான். புடவை முந்தானையைச் செருகி, துப்பட்டாவை மடித்து, செருப்பைக் கழற்றி வைத்து, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று பேசி முடிப்பதற்குள் 20 நொடி 40 ஆகிவிடும். பின்னால் வரும் வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தந்தப் பிளாக்கில் நிற்கும். பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் இருட்டில் நட்டநடுவே நின்றவர்களுக்கு அது விபத்துபோலத் தோன்றும். சென்னையில் வடிவமைத்தால் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பிரித்துவிட வேண்டும். முந்தானை, துப்பட்டா, பை எல்லாவற்றையும் வண்டி வருவதற்கு முன்பே ஒழுங்குசெய்ய ஒரு மேடை வேண்டும். இடைவெளியை 20 நொடி என்று வைக்காமல் 26, 28 என்று தொடங்குவதே நியாயம்.

வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் சென்சார்களில் ஒளிக்கற்றை வகையை இங்கே தவிர்ப்பது நல்லது. புகை இயந்திரம் கக்கும் கிளைக்கால் (புகை உண்டாக்கப் பயன்படும் திரவம்) படலம் கண்ணாடியில் படிந்து, வராத வண்டியை வந்ததாகக் காட்டும். உலோகத் தகட்டை உணரும் தூண்டல் வகையே பொருத்தம், அதுவும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு. அதே படலம் உராய்வு பிரேக்கின் பட்டையிலும் படியும். காலையில் சரியாக நின்ற வண்டி மாலையில் அரை மீட்டர் தள்ளி நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேகத்தைக் குறைக்கக் காந்த பிரேக் வைக்கலாம், அதற்கு உராய்வு தேவையில்லை. ஆனால் அது வண்டியை நிற்கவைத்துப் பிடித்துக்கொள்ளாது. அந்த வேலைக்கு உந்து டயரோ உராய்வு பிரேக்கோ கூடவே வேண்டும்.

0.86 மில்லிமீட்டர்

ஒரு வண்டிக்கு மூன்று வகைச் சக்கரங்கள்: எடையைத் தாங்கும் மேல் சக்கரம், பக்கவாட்டில் பிடிக்கும் சக்கரம், வண்டி மேலெழாமல் தடுக்கும் கீழ்ச் சக்கரம். இவற்றைத் தாங்குவது அச்சும் பேரிங்கும்.

டோக்கியோவில் 1995இல் பேரிங்கின் அளவும் அச்சின் விட்டமும் மெட்ரிக் அளவுக்கு மாற்றப்பட்டன. அச்சு 45 மி.மீ. ஆனது. பழைய வரைபடம் புழக்கத்திலிருந்து நீக்கப்படவில்லை. 2002இல் மாற்று அச்சுகளுக்கு அந்தப் பழைய வரைபடத்தை வைத்தே ஆர்டர் போனது. வந்தவை 44.14 மி.மீ. அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.2 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 1 மி.மீ.-க்கு மேல் ஆனது.

அச்சு மெலிந்துபோனதால் முறிந்தது என்று இதைப் படித்தால் தவறான பாடமே கிடைக்கும். வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 44.14-ஐ 45-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.944. இழப்பு 6 சதவீதம்கூட இல்லை; எந்த நல்ல வடிவமைப்பிலும் இருக்கும் பாதுகாப்பு விளிம்பு இதை விழுங்கிவிடும். அச்சைக் கொன்றது இடைவெளிதான். இறுக்கமாக உட்கார்ந்த பேரிங்கில் விசை சீராக ஏறி இறங்கும். 1 மி.மீ. தளர்வில் ஒவ்வொரு திருப்பத்திலும் பேரிங் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவி அச்சை அடிக்கும். அதிர்வு கூடக் கூட உலோகக் களைப்பால் (திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்குவதால் உலோகம் பலவீனமாவது) விரிசல் விழுந்து, வளர்ந்து, கடைசியில் முறியும்.

இருட்டு கோஸ்டரில் இது ஏன் விரைவாக நடக்கிறது என்பதற்கும் கணக்குண்டு. 3 நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 240 சுற்று. சுற்றுக்கு 40 திருப்பம் என்று வைத்தால் ஆண்டுக்கு 35 லட்சம் விசை மாற்றங்கள். எஃகின் களைப்பு எல்லையைப் பத்து லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடைப்பட்ட சுழற்சிகளில்தான் சோதிப்பார்கள். ஓராண்டு ஓட்டமே அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது.

சென்னையில் உதிரி அச்சுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அம்பத்தூரிலோ கிண்டியிலோ லேத் பட்டறையில் கடைய வைக்கத் தோன்றும். அதில் தவறில்லை, இங்கே கை சுத்தமான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதிரிக்குப் பழைய அச்சைக் கொடுத்து ‘இதேபோல ஒன்று’ என்று கேட்கக் கூடாது. தேய்ந்த அச்சு தேய்ந்த அளவைத்தான் கொடுக்கும். வரைபடமும் அதன் திருத்த எண்ணும் ஆர்டரில் இருக்க வேண்டும், பழைய திருத்தங்களை அலமாரியிலிருந்தே அகற்ற வேண்டும். ஈ.என்.24 போன்ற அச்சு எஃகுக்குச் சோதனைச் சான்றிதழ் கேட்க வேண்டும். அச்சின் விட்டம் மாறும் இடத்தில் வளைவு ஆரம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வந்த ஒவ்வொரு அச்சையும் மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில் அளந்து, பிறகே ஸ்டோருக்குள் விட வேண்டும். வெர்னியர் இதற்குப் போதாது.

சென்னை அரங்கம்

இந்த ஊருக்கு இருட்டு கோஸ்டர் பொருத்தம்தான். மே மாத வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும் திறந்தவெளி ராட்டினங்கள் நிற்கும்போது இது ஓடும். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்ததிலிருந்து பெரிய கோஸ்டர்கள் பற்றிய எதிர்பார்ப்பும் இங்கே கூடியிருக்கிறது. ஆனால் புளோரிடா வடிவத்தை அப்படியே கொண்டுவந்தால் சில இடங்களில் இடிக்கும்.

முதலில் தரை. கலிபோர்னியாவில் கட்டடம் ஓங்கித் தெரியாமலிருக்க ஒரு பகுதியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமோ ஈ.சி.ஆர். மணல்வெளியிலோ அப்படிச் செய்யக் கூடாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அடித்தளத்தை உயர்த்தி, ஏற்றச் சங்கிலியின் மோட்டார், பி.எல்.சி. (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கணினி) பலகை, யு.பி.எஸ். மூன்றையும் முதல் தளத்தில் வைக்க வேண்டும்.

கூரைக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893:2016 வரைபடத்தில் மூன்றாம் மண்டலம். தடத்தின் தூண்களைக் கட்டடத் தூண்களோடு இணைக்கக் கூடாது. இணைத்தால் ஒவ்வொரு வண்டியின் அதிர்வும் கூரைத் தகட்டில் இரைச்சலாக ஒலிக்கும், இருட்டில் அந்த ஓசையே வண்டி வருவதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரத்தில், உந்தி எறியும் வகைக்கு ஆசைப்படும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 8 டன் வண்டியை 2.8 நொடியில் 92 கி.மீ.-க்கு ஏற்றச் சராசரியாகவே 0.9 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். ஒன்றரை டன் வண்டியைச் சங்கிலியால் 20 நொடியில் 15 மீட்டர் ஏற்ற 11 கிலோவாட் போதும். மாலுக்குள் அமைப்பதென்றால் சங்கிலிதான் சரி.

சக்கரத்தின் பாலியூரித்தேன் உறையில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு. சென்னையின் வெக்கையும் ஈரப்பதமும் சேரும்போது முதல் வகை நீராற்பகுப்பால் (ஈரத்தோடு வினைபுரிந்து சிதைவதால்) பொடிந்து உரியத் தொடங்கும்; பாலியீதர்தான் தாங்கும். உறையின் வெப்பம் ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றும். குளிர்நாடுகளில் காலையில் வண்டி பள்ளத்தில் நின்றுபோவதுதான் பயம். இங்கே பயம் மறுபக்கம்: ஏ.சி. நின்ற மதியத்தில் வண்டிகள் முன்கூட்டியே பிரேக்குக்கு வந்து சேரும், முன்னே உள்ள பிளாக் இன்னும் காலியாகியிருக்காது. ஓட்டத்தின் நடுவே வேகத்தைத் தணிக்கும் பிரேக்குகளை மிக வெப்பமான, முழுச் சுமையேற்றிய ஓட்டத்துக்கு வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

பிரேக்குகள் ஸ்பிரிங்கால் மூடி, காற்றால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். காற்றோ மின்சாரமோ போனால் தாமாக மூடிக்கொள்ளும். ஆனால் இந்த ஊர்க் காற்றை அழுத்தினால் கம்ப்ரெசரில் தண்ணீர் நிறையச் சேரும். உலர்த்தியும் தானியங்கி வடிகாலும் இல்லாவிட்டால் வால்வுகள் துருவேறி மெதுவாகத் திறக்கும், மெதுவாகவே மூடும்.

இன்னொன்று, கை எட்டும் எல்லை. இருட்டில் எல்லோரும் கையைத் தூக்குவார்கள். நெட்டையானவர் கையை நீட்டினாலும் எதிலும் படாத இடைவெளிக்கு, வண்டியின் மேல் ஒரு சட்டகத்தைப் பொருத்தித் தடம் முழுவதும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் இதை எல்லோரும் செய்வார்கள். பிறகு ஒரு கேபிள் தட்டு, ஒரு ஏ.சி. குழாய், ஒரு அலங்காரப் பொம்மை என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது யாரும் செய்வதில்லை. ஏணி உள்ளே போன எந்த வேலைக்குப் பிறகும் சட்டகம் ஓட வேண்டும்.

தீயும் வெளியேற்றமும்

1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹான்டட் காஸில் என்ற இருட்டு நடைக்கூடத்தில் சுவர் பஞ்சில் பிடித்த தீயில் 8 இளைஞர்கள் இறந்தார்கள். தீயணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான்கள் இல்லை. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டின் விளையாட்டரங்கில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இருட்டு அரங்கத்தில் நுரை, துணி, தெர்மாகோல் அலங்காரம் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். தெளிப்பான் கட்டாயம். புகை உணர்ந்த உடனே வேலை விளக்குகள் முழுதாக எரிய வேண்டும். இசையும் ஒளி விளைவுகளும் தாமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் அலறலை யாரும் அலறலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகை இயந்திரம் வைத்தால் புகை உணர்விகள் பொய்யாக அடிக்கும். அதற்காக உணர்விகளை அணைத்து வைப்பதைவிடப் புகை இயந்திரத்தை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு பிளாக் பிரேக்கின் பக்கத்திலும் கைப்பிடியுள்ள நடைபாதை, தரைவரை படி, தனி பேட்டரியுள்ள விளக்கு வேண்டும். லேப் பாரை (பயணியை மடிமேல் பிடித்துக்கொள்ளும் தடுப்புக் கம்பி) கையால் விடுவிக்கும் நெம்புகோல் வண்டியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வெளியேற்றப் பயிற்சியைத் திறப்பு நேரத்துக்கு முன், மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்து, தூரத்திலுள்ள பிளாக்கிலிருந்து தொடங்க வேண்டும். முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் இருக்கும் வண்டியாக எண்ணி, இரண்டு ஊழியர்களால் 6 பேரையும் எத்தனை நிமிடத்தில் தரைக்குக் கொண்டுவர முடிகிறது என்று குறித்துவைக்க வேண்டும். அந்த நிமிடங்களைத் தடத்தில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லோரையும் இறக்கி முடிக்க வேண்டிய நேரத்தால் வகுத்தால், ஒரு ஷிப்டுக்கு இருவர் கொண்ட எத்தனை குழுக்கள் வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கும். அத்தனை பேர் வராத நாளில் தடத்தில் வண்டிகளைக் குறைத்து ஓட்ட வேண்டும்.